குளிர்சாதனப் பெட்டியின் சத்தங்கள்: எது வழமை, எது வருத்தம்?

வீடு அடங்கிய பிறகுதான் குளிர்சாதனப் பெட்டியின் சத்தம் காதில் விழும். பகல் முழுவதும் அது அதே சத்தத்தைத்தான் போட்டிருக்கும். கோழிகளும் பிள்ளைகளும் உழவு இயந்திரமும் அதை மறைத்திருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். பிறகு 'டக்' என்று ஓர் அடி. பிறகு யாரோ செம்பிலிருந்து தண்ணீர் வார்ப்பதுபோல ஒரு 'களகள'. தவணைக் காசு இன்னும் கட்டி முடியாத பெட்டி இப்படிச் சத்தமிட்டால் மனம் பதறத்தான் செய்யும். சிலர் பயந்து இரவில் பிளக்கைக் கழற்றிவிடுகிறார்கள். சிலர் திருத்துபவரை அழைத்து, பழுதே இல்லாத பெட்டிக்கு 'காஸ் அடித்த' காசு கொடுக்கிறார்கள். வேறு சிலர், உண்மையாகவே மோட்டர் எரியப்போகும் சத்தத்தையும் 'அது எப்போதும் அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறார்கள்.

இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1990 ஆம் ஆண்டு மின்சாரம் நின்றது. வன்னியின் பல கிராமங்களுக்கு 2009 இல் யுத்தம் முடிந்த பின்னரே மின்கம்பங்கள் வந்தன. குப்பி விளக்கில் படித்து வளர்ந்து, பல தடவை இடம்பெயர்ந்து, கடைசியில் ஒரு வீட்டில் அமர்ந்து வாங்கிய முதற் பெட்டி இது. 'எங்கள் வீட்டுப் பெட்டியும் இப்படித்தான் முனகும், பயப்படாதே' என்று சொல்ல வீட்டில் ஒரு பெரியவர் இல்லை. ஆனால் கமக்காரருக்கு இந்தக் கல்வி கடினமானதன்று. நீர் இறைக்கும் இயந்திரம் தண்ணீரை இழுக்கிறதா, காற்றை இழுக்கிறதா என்பதை வரம்பில் நின்றபடியே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுகிறோம். அதே காதுதான் இங்கும் வேண்டும்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

குளிர்சாதனப் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. கிணற்றுத் தண்ணீரை இறைத்து வாய்க்காலில் விடுவதுபோன்ற வேலைதான். இறைக்கும் இயந்திரத்தின் இடத்தில் இருப்பது, பின்புறம் அடியில் உள்ள கறுப்பு உருண்டை. அதைக் கொம்பிரசர் என்பார்கள். மோட்டர் அதற்குள்தான் இருக்கிறது. அது காஸை அமுக்கி வெளிப்புறக் குழாய்களுக்குத் தள்ளும். அங்கே காஸ் தன் வெப்பத்தை விட்டுத் திரவமாகும். பிறகு நூல்போன்ற ஒடுங்கிய குழாய் வழியாகப் பெட்டியின் உட்புறத்துக்குப் போய், அங்கே கொதித்து மீண்டும் ஆவியாகும். ஆவியாகும்போது உள்ளே உள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். உடம்பில் வியர்வை காயும்போது குளிர்வதில்லையா, அதே நியாயம்.

ஆகவே பெட்டியின் பின்புறம் சுடுவது பழுதல்ல. புதிய பெட்டிகள் பலவற்றில் இக்குழாய்கள் பக்கச் சுவர்களுக்குள் பதிக்கப்பட்டிருக்கும். அவற்றில் பக்கங்கள் சுடும். சுட்டால்தான் வேலை நடக்கிறது.

இன்னொன்றையும் மனதில் இருத்துங்கள். இந்தக் காஸ் மண்ணெண்ணெய்போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒழுக்கு இல்லாவிட்டால் பெட்டியின் ஆயுள் முழுவதற்கும் அதுவே போதும். 'வருடத்துக்கு ஒரு தடவை காஸ் அடிக்க வேண்டும்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காஸ் குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் கண்டு அடைக்காமல் காஸ் மட்டும் நிரப்புவது, உடைந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுவதுதான்.

பயப்பட வேண்டாத சத்தங்கள்

'ம்ம்ம்' என்ற இரைச்சல் கொம்பிரசர் ஓடும் சத்தம். பங்குனி, சித்திரை வெயிலில் அது ஒரு நாளின் பாதிக்கு மேல் ஓடுவது வழமை. இன்வேட்டர் வகைப் பெட்டிகளில் அது இன்னும் நெடுநேரம் ஓடும். ஆனால் மெதுவாகவும், சத்தம் ஏறி இறங்கியும் ஓடும்.

'டக்' என்ற ஒற்றை அடி, உள்ளே போதிய குளிர் வந்ததும் மோட்டரை நிறுத்தும் சுவிச்சின் ஒலி. சூடு ஏறியதும் மீண்டும் ஒரு 'டக்' கேட்டு மோட்டர் தொடங்கும். நிற்கும்போது பெட்டி ஒருமுறை குலுங்கலாம். கொம்பிரசர் இறப்பர்க் கால்களில் இருப்பதால் வரும் குலுக்கம் அது.

'டிக்', 'படக்' என்று இடையிடையே வெடிப்பதுபோன்ற ஒலி, பிளாஸ்ரிக்கும் தகரமும் குளிரில் சுருங்கிச் சூட்டில் விரிவதால் வருகிறது. தகரக் கொட்டிலில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. வெயில் தாழ்ந்ததும் கூரை வெடிக்குமே, அதுதான்.

ஐஸ் கட்டாத வகைப் பெட்டிகளில் உள்ளே ஒரு சிறிய காற்றாடி சுழலும். கதவைத் திறந்தால் பலவற்றில் அது நின்றுவிடும். இவ்வகையில் உறைபனியை உருக்க ஒரு சூடாக்கி தானாகவே இயங்கும். அப்போது சூடான சட்டியில் நீர்த்துளி விழுந்ததுபோல 'உஸ்' என்று கேட்கும். தீப்பற்றியதென்று நினைக்க வேண்டாம்.

மோட்டர் நின்ற பின்னர் வரும் 'களகள' பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது குழாயின் ஒரு பக்கம் அழுத்தம் மிகக் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும். மோட்டர் நின்றதும் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குக் காஸ் மெல்ல ஓடும். அந்த ஓட்டத்தின் ஒலியே 'களகள'. இரண்டு பக்கமும் சமமாகச் சில நிமிடங்கள் எடுக்கும். அதற்கு முன் மோட்டரை மீண்டும் தொடக்கினால், கூடிய அழுத்தத்துக்கு எதிராக அதனால் கிளம்ப முடியாது. பெட்டியை நிறுத்தினால் ஐந்து நிமிடம் கழித்தே மீண்டும் போட வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான். பிள்ளைகள் சுவிச்சைப் போட்டுப் போட்டு நிறுத்தி விளையாட இடம் கொடுக்கக் கூடாது.

திரும்பத் திரும்பக் கேட்கும் 'டக்'

கவனிக்க வேண்டிய சத்தங்களில் முதலிடம் இதற்குத்தான். மோட்டர் சில விநாடிகள் 'ம்ம்' என்று திணறும். 'டக்' என்று நிற்கும். ஒன்றிரண்டு நிமிடம் கழித்து மீண்டும் திணறும், மீண்டும் 'டக்'. பெட்டி குளிராது. மோட்டர் கிளம்ப முயன்று தோற்றுப்போகிறது, எரியாமல் காக்கும் சிறு பாதுகாப்புக் கருவி ஒவ்வொரு முறையும் இணைப்பைத் துண்டிக்கிறது என்பதே இதன் பொருள். அந்தக் கருவி காவல் நாய் மாதிரி. ஓர் இரவு குரைக்கும், பல இரவுகள் தொடர்ந்து குரைக்க அதனால் முடியாது. முடிவில் மோட்டர் எரியும். கொம்பிரசர் மாற்றுவதென்றால் பழைய பெட்டியின் விலையில் பெரும் பகுதி போய்விடும்.

பல கிராமங்களில் இதற்குக் காரணம் பெட்டியல்ல, மின்சாரம். நமது மின்வழங்கல் 230 வோல்ற். மின்மாற்றியிலிருந்து தொலைவில், வழியின் கடைசியில் உள்ள வீடுகளில், மாலை ஆறு மணிக்குப் பின் எல்லா வீட்டிலும் விளக்கும் தொலைக்காட்சியும் மின் கேத்தலும் போட்டதும் அது 200க்குக் கீழே இறங்கிவிடலாம். விளக்கு மங்கும். மின்விசிறி சோம்பலாகச் சுழலும். அந்த நேரத்தில் பெட்டி திணறினால் உடனே பிளக்கைக் கழற்றுங்கள். விளக்கு பிரகாசமானதும், ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் பொறுத்து, மீண்டும் போடுங்கள். அப்போது ஒழுங்காகக் கிளம்பினால் பழுது பெட்டியில் இல்லை. நல்ல மின்சாரத்திலும் திணறினால்தான் திருத்துபவர் தேவை. அவரிடம் முதலில் 'கிளப்பும் றிலேயைப் பாருங்கள்' என்று சொல்லலாம். அது சிறிய பாகம், விலையும் குறைவு. பல தடவைகளில் பழுது அதோடு முடிந்துவிடும்.

மின்னழுத்தம் இறங்கினாலோ அளவுக்கு மீறி ஏறினாலோ தானாகவே துண்டித்து, சரியான பின் சில நிமிடம் பொறுத்து இணைக்கும் சிறு காவல் கருவிகள் மின்பொருள் கடைகளில் உண்டு. பெட்டியின் விலையோடு பார்த்தால் இது சிறு தொகை. கையில் காசு இருக்கும்போது பெட்டிக்கு லேஸ் விரிப்பு வாங்குவதை விட்டு இதை வாங்குவது நல்லது. அயலில் நாலைந்து வீடுகளுக்கு இதே குறை இருந்தால், நாளையும் நேரத்தையும் எழுதி, எல்லோரும் ஒப்பமிட்டு உங்கள் பிரதேச மின்சார அலுவலகத்தில் கொடுங்கள். தனி வீட்டின் முறைப்பாட்டைவிட அதற்குக் கனம் கூட.

ஏனைய கெட்ட சத்தங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். 'கடகட' என்ற அதிர்வு பெரும்பாலும் பெட்டி சமமாக நிற்காததால் வருவது. கால்களைத் திருகிச் சமப்படுத்துங்கள். மண் தரையானால் தட்டையான கல்லோ பலகையோ வையுங்கள். மேலே வைத்த சாடியும், உள்ளே ஒன்றோடொன்று முட்டும் போத்தல்களும் இதே சத்தம் போடும். ஐஸ் கட்டாத வகையில் 'டகடக' என்று வேகமாகக் கேட்டால் காற்றாடி ஐஸில் உரசுகிறது; சாமான்களை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்து ஒரு நாள் நிறுத்தி வையுங்கள். மீண்டும் வந்தால் உருக்கும் சூடாக்கி பழுது. இரும்போடு இரும்பு அரைபடும் சத்தம் கேட்டால் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

சத்தமே போடாத ஆபத்து ஒன்றும் உண்டு. பெட்டியைத் தொட்டால் கையில் 'சுர்' என்று ஏறுவது. 'கொஞ்சம்தானே' என்று விடக் கூடாது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் பிள்ளைக்கு அந்தக் கொஞ்சமே உயிரை எடுக்கும். மூன்று முள் பிளக்கின் பெரிய முள் புவி இணைப்புக்கானது. அதை வெட்டிவிட்டோ, வயரை நேரே துளைக்குள் செருகி ஈர்க்கால் இறுக்கியோ பாவிக்க வேண்டாம். வீட்டின் ட்ரிப் சுவிச்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது விழ வேண்டும். விழாவிட்டால் மின்னியலாளரை அழையுங்கள்.

இரவில் நிறுத்தி வைக்கலாமா?

கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் நிறுத்துவோர் பலர். இரவு மின்வெளிச்சம் இல்லை, கதவைத் திறப்பாரும் இல்லை. பெட்டி ஆகக் குறைவாகச் செலவழிக்கும் நேரம் அதுதான். நிறுத்தினால் உள்ளே ஏறிய சூட்டைக் காலையில் மீண்டும் இறைக்க வேண்டும். மிஞ்சுவது சிறிது. பால் புளிக்கும், மீன் கெடும். உங்கள் பெட்டியின் உண்மையான செலவை அறிய வேண்டுமானால், படுக்கும்போது எல்லாவற்றையும் நிறுத்திப் பெட்டியை மட்டும் ஓடவிட்டு மீற்றரைக் குறித்துக்கொள்ளுங்கள், விடிந்ததும் பாருங்கள். கணக்கு உங்கள் கையிலேயே இருக்கும்.

நீரிழிவுக்காரர் உள்ள வீட்டில் இரவில் நிறுத்துவது இன்னும் கூடாது. திறக்காத இன்சுலின் 2 பாகைக்கும் 8 பாகை செல்சியசுக்கும் இடையில் இருக்க வேண்டும். ஐஸ் பகுதியிலோ, அதற்கு நேர் கீழோ, பின் சுவரில் முட்டவோ வைக்க வேண்டாம். உறைந்த இன்சுலின் உருகிய பின்னும் உதவாது. பார்வைக்கு நன்றாக இருந்தாலும் எறிய வேண்டும். கதவுத் தட்டு அடிக்கடி சூடாவதால் அதுவும் உகந்ததல்ல. நடுத் தட்டில், மூடியுள்ள ஒரு சிறு பெட்டியில் வையுங்கள்.

2022 பங்குனி முடிவில் நாட்டில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டோம். மின்சாரம் நின்றால் முதல் வேலை கதவைத் திறக்காமல் இருப்பது. திறக்காத பெட்டி சுமார் 4 மணித்தியாலம் குளிரைக் காக்கும். ஐஸ் பகுதியில் இடம் இருந்தால் பிளாஸ்ரிக் போத்தலில் முக்காற்பங்கு தண்ணீர் நிரப்பி எப்போதும் உறைய வைத்திருங்கள். நீண்ட வெட்டின்போது அதைக் கீழே இறக்கி வைத்தால் இன்னும் சில மணித்தியாலம் தாங்கும். இன்சுலின் அதில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரண்ட் திரும்பி வந்ததும் முதற் சில நிமிடங்கள் ஏறி இறங்கும்; வெட்டின்போது பிளக்கைக் கழற்றி வைத்து, வந்து ஐந்து பத்து நிமிடம் கழித்துப் போடுவது மோட்டருக்கு நல்லது. ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலுக்கும் இதுவே விதி.

வீட்டிலேயே செய்யக்கூடிய பராமரிப்பு

பெட்டியை அடுப்படியில் விறகடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சூடு ஒரு காரணம். புகையும் எண்ணெய்ப் பசையும் பின்புறக் குழாய்களில் படிந்து, அதன்மேல் தூசு ஒட்டிக் கம்பளி போர்த்ததுபோல ஆகிவிடுவது அதைவிடப் பெரிய காரணம். சுவரிலிருந்து நான்கு விரல் இடைவெளி வேண்டும். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகளை விறாந்தையில் அடுக்கும்போது பெட்டியைச் சுற்றி அடுக்கிவிடுகிறோம். வெப்பம் வெளியேற வழியில்லாமல் மோட்டர் இரவு பகலாக ஓடும். நெல்லுக்கு வரும் எலி வயரையும் கடிக்கும். மூட்டைகளைத் தள்ளி அடுக்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிளக்கைக் கழற்றிய பின், பழைய பெயின்ற் தூரிகையால் பின்புறத்தைத் தட்டித் துடையுங்கள். செத்த பல்லியையும் அப்போது எடுத்துவிடலாம். கொம்பிரசரின் இணைப்புப் பெட்டிக்குள் பல்லி புகுந்து கருகி, அதனால் பெட்டி நின்றுபோவது நமது ஊர்களில் புதுமையல்ல.

கதவு இறப்பரைச் சோதிக்க ஒரு ரூபாத் தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். தாள் இறுகப் பிடிபட வேண்டும். வழுக்கி வந்தால் குளிர் அந்த வழியால் போகிறது. சவர்க்காரத் தண்ணீரால் இறப்பரின் மடிப்புகளைக் கழுவுங்கள். விறைத்திருந்தால் சுடுநீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்தால் பெரும்பாலும் இளகும். உள்ளே கழுவ இளஞ்சூட்டுத் தண்ணீரில் சிறிது அப்பச்சோடா போதும். மரக்கறித் தட்டின் கீழ் தண்ணீர் தேங்கினால் பின்சுவரில் உள்ள சிறு துவாரம் அடைத்திருக்கிறது. வளையக்கூடிய ஈர்க்கின் மொட்டை முனையால் மெதுவாகக் குத்திவிட்டால் திறக்கும்.

அந்தத் துவாரத்தால் போகும் தண்ணீர், பின்புறம் கொம்பிரசருக்கு மேலே உள்ள தட்டில் விழுந்து அதன் சூட்டில் வற்றும். முழுவதும் வற்றாவிட்டால் அங்கே டெங்கு நுளம்பு முட்டையிடும். 2017 இல் இலங்கையில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு டெங்கு சந்தேகிக்கப்பட்டது, நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். முற்றத்தில் சிரட்டை பொறுக்கும் நாம் வீட்டுக்குள் இருக்கும் இந்தத் தட்டை மறந்துவிடுகிறோம். கிழமைக்கு ஒருமுறை அதைக் கழற்றி உரஞ்சிக் கழுவுங்கள். கழற்ற முடியாத வகையானால் துணியால் ஒற்றி எடுங்கள்.

ஐஸ் கட்டும் வகைப் பெட்டியில் உறைபனி கால் அங்குலம் தடித்ததும் நிறுத்தி உருகவிட வேண்டும். விரைவாக வேண்டுமானால் உள்ளே ஒரு பாத்திரத்தில் சுடுநீர் வையுங்கள். கத்தி, கரண்டிக் காம்பு, ஆணி எதனாலும் கொத்த வேண்டாம். ஐஸுக்கு அடுத்து இருப்பதே காஸ் ஓடும் மெல்லிய தகடு. ஒரு குத்து, பெட்டி முடிந்தது. புதிய பெட்டிகள் பலவற்றில் பாவிக்கும் ஆர் 600ஏ என்ற காஸ் தீப்பற்றக்கூடியதும்கூட. பின்புறத் தாளில் அந்த எண் இருந்தால், குழாய் ஒட்டுவதற்கு முன் திருத்துபவருக்கு அதைக் காட்டுங்கள்.

உள்ளே என்ன வைப்பது என்பது வீட்டாருக்குத் தெரியும். இரண்டு மட்டும் சொல்கிறோம். கிருமிநாசினிப் போத்தலை எந்தக் காரணத்துக்காகவும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது. தாகத்தோடு வரும் பிள்ளை லேபல் வாசிக்காது. கோழிக்கான தடுப்பு மருந்தை வைக்க நேர்ந்தால் மூடிய டப்பாவில், உணவுக்குக் கீழே வையுங்கள்.

ஏற்றி இறக்கும்போது

இடம் மாறும்போது பெட்டியை உழவு இயந்திரப் பெட்டியில் நிமிர்த்திக் கட்டி ஏற்றுங்கள். படுக்க வைத்தால் கொம்பிரசருக்குள் உள்ள எண்ணெய் குழாய்களுக்கு ஓடிவிடும். வேறு வழியின்றிப் படுக்க வைத்திருந்தால், இறக்கியபின் நிமிர்த்தி ஒரு நாள் அப்படியே விட்டுப் பிறகு போடுங்கள். பழைய பெட்டி வாங்குவோர் விற்பவரின் வீட்டுக்கே போய், ஓடாத நிலையிலிருந்து போடச் சொல்லிக் காது கொடுங்கள். ஒரே முயற்சியில் கிளம்ப வேண்டும். அரை மணித்தியாலத்தில் ஐஸ் பகுதி கையில் குளிர வேண்டும். நிறுத்தியதும் அந்தக் 'களகள' கேட்க வேண்டும்.

2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வெள்ளத்தில் பல வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. தாழ்ந்த நிலத்தில் இருப்போர் மாரிக்கு முன் பெட்டியைச் சீமெந்துக் கல் அடுக்கி உயர்த்தி வைக்கலாம். தண்ணீர் தொட்ட பெட்டியைக் காய்ந்துவிட்டது என்று நம்பிப் போட வேண்டாம், மின்னியலாளர் பார்க்கட்டும்.

இனித் திருத்த முடியாது என்றான பெட்டியை விதைநெல்லும் பயறும் வைக்கும் எலி புகாத பெட்டகமாகப் பலர் பாவிக்கிறார்கள். நல்ல யோசனைதான். விதையை நன்றாகக் காயவைத்தே உள்ளே வைக்க வேண்டும். ஆனால் ஒளித்து விளையாடும் பிள்ளைகள் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டால் காற்றில்லை, உள்ளிருந்து கத்துவதும் வெளியே கேட்காது. விதைப் பெட்டகமாக வைப்பதென்றால் வெளியே கொண்டி போட்டுப் பூட்டுங்கள். முற்றத்தில் போடுவதென்றால் அன்றைக்கே கதவைக் கழற்றிவிடுங்கள்.